தற்கொலைத் தடுப்பு: அரசின் அடுத்த ரூபாய் எந்தத் துறைக்குப் போக வேண்டும்?

2022 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் 'தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி' என்ற ஆவணத்தை வெளியிட்டது. 2030-க்குள் தற்கொலை இறப்புகளை 10 சதவீதம் குறைப்பது இலக்கு. மூன்று ஆண்டுக்குள் கண்காணிப்பு ஏற்பாடு, ஐந்து ஆண்டுக்குள் எல்லா மாவட்டங்களிலும் மனநலப் புறநோயாளர் பிரிவு வழியாகத் தடுப்புச் சேவை, எட்டு ஆண்டுக்குள் கல்வி நிலையங்களில் மனநலப் பாடம் என்று காலக்கெடுவும் போட்டிருந்தார்கள். அதே ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரம் முதலிடம், 22,746. அடுத்தது தமிழ்நாடு, 19,834. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் நம் நிலை இன்னும் மோசம். நாட்டின் சராசரி லட்சத்துக்கு 12.4 பேர், தமிழ்நாட்டில் 25.9.

அந்த ஆவணத்தைப் படித்தால் குறை சொல்லத் தோன்றாது. பூச்சிமருந்து, மது, ஊடகங்கள், பள்ளிகள், மாவட்ட மனநலத் திட்டம் என எல்லாமே அதில் இருக்கின்றன. எதை முதலில் செய்வது என்பது மட்டும் இல்லை. காசும் கவனமும் குறைவாக இருக்கிற ஓர் அரசுக்கு அதுதானே முக்கியமான கேள்வி? வேறு நாட்டு அரசுகள் எந்த வழியில் போயின, எதற்கு எவ்வளவு செலவானது, எது கணக்கில் தெரிகிற பலனைத் தந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகாதாரத் துறைக்கு வெளியே இருக்கிற வேலைகள்தான் வரிசையில் முன்னால் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

இலங்கை: பதிவாளர் அலுவலகத்தில் நடந்த வேலை

1995-ல் இலங்கையில் லட்சத்துக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. போர் நடந்த வடக்கு, கிழக்கோடு இது நிற்கவில்லை. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற நெல் விளையும் மாவட்டங்களிலும் நிலைமை கடுமையாக இருந்தது. பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிமருந்து ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் ஒரு மூலையில் இருந்தது. சண்டை, அவமானம், குடி என்று ஏதோ ஒன்றில் மனம் உடைகிற நேரத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்நாட்டில் 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டப்படி பூச்சிமருந்துகளுக்கென்று ஒரு பதிவாளர் இருக்கிறார். அவர் அனுமதித்தால்தான் ஒரு மருந்து கடைக்கு வரும். 1984-ல் மிகக் கொடிய இரண்டு மருந்துகள் நிறுத்தப்பட்டன. உலக சுகாதார அமைப்பு முதல் வகை நச்சு என்று பட்டியலிட்டவற்றில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் 1995-ல் நிறுத்தினார்கள். 1998-ல் எண்டோசல்பான் போனது. 2008-க்கும் 2011-க்கும் இடையில் இன்னும் மூன்று, படிப்படியாக. இதில் பெரிய பிரசாரம் எதுவும் கிடையாது, பிரபலங்கள் வந்து பேசவும் இல்லை. அரசிதழில் ஓர் அறிவிப்பு, இறக்குமதிக்கு ஒரு கட்டுப்பாடு, அவ்வளவுதான்.

2015 வாக்கில் தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. 1995-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றும், அரசுக்கு நேரடியாக ஆன செலவு 5 கோடி டாலருக்கும் குறைவு என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் உயிருக்கு 540 டாலர்கூட இல்லை. பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவான வெற்றி அபூர்வம்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு தகவல். விஷமருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் குறையவில்லை, சில ஆண்டுகளில் கூடவும் செய்தது. வறுமை தீரவில்லை, குடும்பச் சண்டை ஓயவில்லை, போர் 2009 வரை நடந்தது. மக்களின் துயரம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்பினார்கள். தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கிற நேரம் பெரும்பாலும் குறுகியது. அதைக் கடந்துவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. "சாகணும்னு முடிவு பண்ணிட்டா வேற வழி தேடிக்க மாட்டாங்களா?" என்று எல்லோரும் கேட்கிற கேள்விக்கு இலங்கையின் இருபது ஆண்டுக் கணக்கே பதில். சிலர் தேடினார்கள், பெரும்பாலோர் தேடவில்லை.

விவசாயம் என்ன ஆனது? விளைச்சல் விழுந்துவிடும் என்றுதான் அங்கேயும் முதலில் சொன்னார்கள். தடைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள விளைச்சலை ஆராய்ந்தபோது தடையால் சரிவு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாற்றாக நச்சு குறைந்த மருந்து கடையில் இருந்தது, அதனால் நிறுத்த முடிந்தது. இதை 2021-ல் கோட்டாபய ராஜபக்ச அரசு ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரேயடியாக நிறுத்திய கூத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஏப்ரல் இறுதியில் அறிவித்து, நெல்லும் தேயிலையும் அடி வாங்கி, நவம்பருக்குள் பின்வாங்கிய முடிவு. பதிவாளர் அலுவலகம் முப்பது ஆண்டாக ஒவ்வொன்றாக ஆராய்ந்து செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இனி எங்கே தடை என்று பேச்செடுத்தாலும் "இலங்கையைப் பாருங்க" என்று எதிர்ப்பக்கமும் சொல்லும்.

பூட்டா, தடையா?

தடை வேண்டாம், பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள் என்பது பூச்சிமருந்துத் தொழில்துறைக்குப் பிடித்த யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விற்பனையும் குறையாது, உயிரும் போகாது. இலங்கையில் இதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காதவற்றுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. யோசித்தால் இது ஆச்சரியமில்லை. சாவி அதே வீட்டில்தானே இருக்கிறது?

நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். சென்னையில் 1986-ல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்தது அது. வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில் ஆளுக்கொரு பெட்டி, அதற்கு ஒரு பொறுப்பாளர். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், முடிவும் நம்பிக்கை தருவதாக இருந்தது. ஆனால் அது சில ஊர்களில் நடந்த சிறு ஆய்வு. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கட்டடம், ஒரு ஆள், அவருக்கு மாதச் சம்பளம் என்று பெருக்கிப் பார்த்தால் எந்த நிதிச் செயலரும் தலையில் கை வைப்பார். தடைக்கு ஆகிற செலவு ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் போடுவதில்தான் இந்தியா இழுக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் என்ற கொடிய பூச்சிமருந்தை இலங்கை 1995-ல் நிறுத்தியது. உலக சுகாதார அமைப்பு 2009-ல் இந்தியாவுக்கு அதே யோசனையைச் சொன்னது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் அந்த மருந்து கலந்த சத்துணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு அனுபம் வர்மா தலைமையில் 66 மருந்துகளை ஆராயக் குழு அமைத்தார்கள். 2018-ல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது, அதில் இது இல்லை. 2020-ல் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வந்தது, அதில் இருந்தது. மூன்று ஆண்டு ஆட்சேபங்களுக்குப் பிறகு 2023-ல் அந்த 27-ல் மூன்றுக்கு மட்டும் தடை. மோனோகுரோட்டோபாஸின் பரவலாக விற்ற வடிவத்துக்குத் தடை வந்தது 2023 அக்டோபரில். இலங்கைக்கு 28 ஆண்டு பிந்தி.

மாநிலங்கள் என்ன செய்யலாம்? 1968-ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருப்பது 60 நாள் தடை விதிக்கும் அதிகாரம், நீட்டித்தால் இன்னும் 30 நாள். நிரந்தரமாக நிறுத்த மத்திய அரசால்தான் முடியும். தமிழ்நாடு அரசு தற்கொலையைக் காரணம் காட்டியே ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது இந்தச் சட்டத்துக்குள் நின்றுதான். நல்ல முடிவு. ஆனால் 61-ஆம் நாள் உரக்கடையில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவில் தற்கொலை இறப்புகளில் விஷத்தின் பங்கு ஏறக்குறைய நான்கில் ஒன்று. அந்த நான்கில் ஒன்றும் முழுக்கப் பூச்சிமருந்து அல்ல. இறப்புகளில் பாதிக்கு மேல், எந்த அரசாலும் தடை போட முடியாத வழியில் நிகழ்கின்றன. தென்கொரியாவைப் பாருங்கள். ஆபத்தான ஒரு களைக்கொல்லியின் பதிவை 2011 இறுதியில் ரத்து செய்தார்கள், பூச்சிமருந்தால் நேர்ந்த இறப்புகள் வேகமாகச் சரிந்தன. ஆனாலும் வளர்ந்த நாடுகளின் வரிசையில் தற்கொலை விகிதம் மிக அதிகமான நாடு இன்றும் அதுதான். சரி, இந்த எல்லைக்குள்ளேயே ஒரு கணக்கு போடலாம். நான்கில் ஒரு பங்கு இறப்புகளில் 40 சதவீதம் குறைந்தாலே மொத்தத்தில் 10 சதவீதம் குறைந்துவிடும். 2030-க்கு வைத்திருக்கும் முழு இலக்கும் அவ்வளவுதான்.

ஜப்பான்: கடனும் வேலையும் சட்டமும்

ஜப்பானின் கதையில் பூச்சிமருந்து இல்லை. 1997 நவம்பரில், நூறாண்டு கண்ட யமாயிச்சி என்ற பங்குத் தரகு நிறுவனம் விழுந்தது. வங்கிகள் தள்ளாடின, நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. அந்த ஆண்டு 24,391 ஆக இருந்த தற்கொலை எண்ணிக்கை அடுத்த ஆண்டே 32,863. நடுத்தர வயது ஆண்கள்தான் அதிகம். அதன்பின் 14 ஆண்டுகள் ஆண்டுக்கு 30,000-க்குக் கீழே இறங்கவே இல்லை. 2003-ல் 34,427.

தொடக்கத்தில் அரசு இதைத் தனிமனித விஷயமாகவே பார்த்தது. தந்தையை இழந்த மாணவர்கள் வெளியே வந்து பேசினார்கள். லைஃப்லிங்க் என்ற அமைப்பும் மற்றவர்களும் லட்சம் கையெழுத்து திரட்டினார்கள். 2006-ல் தற்கொலைத் தடுப்புக்கான அடிப்படைச் சட்டம் நிறைவேறியது. அரசு, உள்ளாட்சி, முதலாளிகள் என ஒவ்வொருவருக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வெள்ளை அறிக்கை வைக்க வேண்டும். 2009-ல் மாகாணங்களுக்கு 1,000 கோடி யென் தனி நிதி. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு நகராட்சியும் தனக்கென்று ஒரு தடுப்புத் திட்டம் போட்டே ஆக வேண்டும்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் காரணங்களைப் பார்த்த விதம். இறந்தவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிய லைஃப்லிங்க், சராசரியாக ஒவ்வொருவருக்கும் நான்கு பிரச்சினைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருந்ததாகக் கண்டது. வேலை போகும், கடன் ஏறும், வீட்டில் சண்டை வரும், கடைசியில் மனச்சோர்வு. நான்காவது கட்டத்தில் மருத்துவர் வருகிறார். முதல் மூன்று கட்டத்தில் வர வேண்டியவர்கள் வேலைவாய்ப்பு அலுவலரும் வழக்கறிஞரும். டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் இவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தார்கள். கடன் ஆலோசனைக்கு வந்தவரிடம் "தூங்குறீங்களா?" என்று கேட்கவும் ஆள் இருந்தது. தனியார் கடன் சட்டத்தை இறுக்கியதும் இதே காலத்தில்தான். 2010 ஜூன் முதல் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தனியார் கடன் நிறுவனங்கள் கடன் கொடுக்க முடியாது.

இன்னொன்று, அவர்களுடைய கணக்கு. போலீஸ் சேர்க்கும் தற்கொலை விவரங்கள் அங்கே மாதாமாதம் வெளியாகின்றன, வட்டார வாரியாக. எந்த ஊரில், எந்த வயதில், எந்தத் தொழிலில் கூடுகிறது என்று நகராட்சி அதிகாரி அடுத்த மாதமே பார்க்கலாம். நம் 2023 கணக்கு வெளியானது 2025 செப்டம்பர் இறுதியில். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு எழுதியிருக்கும் காரணம் 'குடும்பப் பிரச்சினை'. இதை வைத்துக்கொண்டு ஒரு மாவட்ட ஆட்சியர் என்ன செய்வார்?

2019-ல் ஜப்பானின் எண்ணிக்கை 20,169. உச்சத்திலிருந்து 40 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இதை முழுக்கச் சட்டத்தின் சாதனை என்று நான் எழுத மாட்டேன். 2010-களில் அங்கே வேலையின்மையும் குறைந்தது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. 2020-ல் கொரோனா காலத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறியது, குறிப்பாகப் பெண்களிடம். பள்ளி மாணவர்களின் தற்கொலையோ இப்போது ஆண்டுக்கு 500-ஐத் தாண்டுகிறது. நடுத்தர வயது ஆண்களை மனதில் வைத்துக் கட்டிய ஏற்பாடு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை.

பின்லாந்தும் மருத்துவ வழியும்

நாடு முழுவதற்குமான தடுப்புத் திட்டத்தை ஆய்வின் மேல் கட்டி முதலில் நடத்திய நாடு பின்லாந்து, 1986 முதல் 1996 வரை. 1987 ஏப்ரலில் தொடங்கி ஓர் ஆண்டில் நடந்த 1,397 தற்கொலைகள் ஒவ்வொன்றையும் குடும்பத்தோடும் மருத்துவரோடும் பேசி ஆராய்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மனநோய் இருந்தது, அதற்குச் சரியான சிகிச்சை கிடைத்தவர்கள் மிகச் சிலர் என்று தெரிந்தது. சிகிச்சையை விரிவாக்கினார்கள். 1990-ல் லட்சத்துக்கு 30 வரை போன விகிதம் இன்று பாதிக்கும் கீழே. திட்டம் தொடங்கி முதல் நான்கு ஆண்டுகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டு ஆட்சிக்காலத்தை வைத்து யோசிக்கிறவர்களுக்கு இது கஷ்டமான வழி. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இன்னும் கஷ்டம். கைவிடச் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற ஆட்கள் வர பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்கிறேன்.

உதவி எண்

எந்த அரசுக்கும் உடனே அறிவிக்கப் பிடித்த வழி இது. 2022 அக்டோபர் 10-ல், உலக மனநல நாளில், டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை தொடங்கியது. எண் 14416. நாள் முழுக்க, இலவசமாக, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 104-லும் ஆலோசகர் கிடைப்பார். நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனது தாங்க முடியாமல் இருந்தால், கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு அந்த எண்ணை அழையுங்கள்.

ஒவ்வொரு அழைப்பாக எடுத்தால் இந்தச் சேவை விலைமதிப்பில்லாதது. ஆனால் ஒரு நாட்டின் எண்ணிக்கையை உதவி எண் மட்டும் இறக்கியதாக எங்கேயும் உறுதியான சான்று இல்லை. எண் தெரிந்தவர்கள், பேசத் தயாராக இருப்பவர்கள், தனியாகப் பேசக் கையில் போன் உள்ளவர்கள்தான் அழைக்கிறார்கள். 2022-ல் இறந்தவர்களில் 26.4 சதவீதம் பேர் தினக்கூலிகள். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது கொத்தனாருக்குத் தேவைப்படுவது ஆறுதல் மட்டும் இல்லை. அழைப்பை எடுத்தவர் அங்கிருந்து கடன் தீர்வுக்கோ, சட்ட உதவிக்கோ, தங்குமிடத்துக்கோ அவரை அனுப்ப முடிந்தால் அந்த எண்ணின் மதிப்பு பல மடங்காகும்.

குற்றம் என்ற முத்திரை

தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பதற்குச் செலவே இல்லை. இலங்கை 1998-ல் எடுத்தது. சிங்கப்பூர் 2020-ல், பாகிஸ்தான் 2022-ல், மலேசியா 2023-ல். இந்தியாவில் 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிப்பது அரசின் கடமை என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. பொது ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் இன்னும் குற்றம்.

சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் அனுப்பும் என்ற பயத்தில் குடும்பம் "தெரியாமல் குடித்துவிட்டார்" என்கிறது. இறந்தால் "தீராத வயிற்றுவலி" என்று நாளிதழில் நான்கு வரி வருகிறது. பிழைத்தவர் ஆலோசகரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறார். முன்பு ஒருமுறை முயன்றவர்கள்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் என்பதால் இந்த இழப்பு சின்னதல்ல. அவசரப் பிரிவிலிருந்து போகிற ஒவ்வொருவருக்கும் அடுத்த வாரம் ஒரு போன் என்பது பெரிய செலவில்லாத வேலை.

நம்மிடமே இருக்கிற முன்மாதிரிகள்

தற்கொலைத் தடுப்பு என்று பெயர் வைக்காமலே தமிழ்நாடு சில வேலைகளைச் செய்திருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தோற்றவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு வைத்தது ஒன்று. முடிவு வந்த அன்று "ஒரு வருஷம் போச்சு" என்ற நிலை மாறி "ஜூனில் எழுதிக்கலாம்" என்று ஆனது. கல்வித் துறை ஒரு தேதியை மாற்றியதில் கிடைத்த பலன் இது. எத்தனை ஆலோசகர்களை நியமித்தாலும் தேர்வு முடிவு வருகிற நாளில் அத்தனை வீட்டுக்கும் அவர்களால் போக முடியாது.

இன்னொன்று ஆன்லைன் சூதாட்டம். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் வந்த சட்டம், தற்கொலைகளையே காரணமாகக் காட்டியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. கடன் வசூலில் நடக்கும் மிரட்டலுக்கு எதிராகவும் 2025-ல் மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. ஜப்பானின் கடன் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது வசூலிப்பவரைத்தான் பிடிக்கிறது, அளவுக்கு மீறிக் கொடுப்பதைப் பிடிக்கவில்லை. 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும் வார வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் எப்படி நடக்கின்றன என்று நமக்குத் தெரியும். சட்டம் போட்டதோடு விட்டால் இதுவும் அந்த வரிசையில் சேரும்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985-ல் கொர்பச்சோவ் மதுவைக் கட்டுப்படுத்தியபோது சோவியத் நாட்டில் தற்கொலைகள் நன்றாகவே குறைந்தன, கட்டுப்பாடு தளர்ந்ததும் ஏறின. டாஸ்மாக் வருவாயில் ஓடுகிற அரசிடம் இதை வைத்துப் பேசுவது வீண். கடைகளின் எண்ணிக்கை, நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்.

என் வரிசை

பூச்சிமருந்துத் தடையை முதலில் வைப்பேன். செலவு மிகக் குறைவு, பலனை நேரடியாக எண்ணிப் பார்க்கலாம், பக்கத்து நாட்டிலேயே நிரூபணம் இருக்கிறது. 2020 வரைவில் தப்பிய மருந்துகளில் தற்கொலைக் கணக்கில் அதிகம் வருபவை எவை என்று அரசு மருத்துவமனைகளின் பதிவேட்டிலிருந்து எடுத்து, மாற்று மருந்து உள்ளவற்றை முதலில் நிறுத்துவது. வேளாண் பல்கலைக்கழகம் மாற்றுகளை விவசாயியிடம் கொண்டுபோக வேண்டும், அதற்குக் கொஞ்சம் காசு வேண்டும். தடையின் சுமையை விவசாயி தலையில் மட்டும் ஏற்றினால் கள்ளச் சந்தைதான் வளரும்.

இரண்டாவது, மாதக் கணக்கு. போலீஸ் நிலையங்களில் விவரம் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட வாரியாக, பெயரில்லாமல், வயது, தொழில், வழி ஆகியவற்றோடு அடுத்த மாதம் ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் போக வேண்டும். ஜப்பானிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுக்கலாம் என்றால் சட்டத்தைவிட இதைத்தான் எடுப்பேன்.

அதற்கு அடுத்தது பிழைத்தவர்களைத் தொடர்ந்து பார்ப்பதும், 14416-ஐக் கடன், சட்ட உதவி, வேலை ஆகியவற்றோடு இணைப்பதும். பின்லாந்து வழியில் மருத்துவமனை வசதியைப் பெருக்குவது பக்கத்திலேயே நடக்கட்டும், ஆனால் 2030 இலக்கை அதன் மேல் கட்ட முடியாது. பள்ளிகளில் மனநலப் பாடத்தைவிடத் தேர்வு முறையில் கை வைப்பது சீக்கிரம் பலன் தரும் என்பது என் எண்ணம். ஆசிரியர்கள் மாறுபடலாம்.

இந்த வரிசையில் பெரும்பாலான வேலைகள் வேளாண்மை, காவல், நிதி, கல்வித் துறைகளிடம் இருக்கின்றன. உத்தியை வெளியிட்டதோ சுகாதார அமைச்சகம். ஒரு பூச்சிமருந்தின் பதிவை ரத்து செய் என்று வேளாண் அமைச்சகத்துக்கு அது உத்தரவிட முடியாது, கடிதம் எழுதலாம். ஜப்பானில் 2016 வரை இந்தப் பொறுப்பு அமைச்சரவை அலுவலகத்தில் இருந்தது, எல்லாத் துறைகளையும் கூப்பிட்டுக் கேட்கிற இடத்தில். தமிழ்நாட்டில் அந்த இடம் தலைமைச் செயலர் அலுவலகம். அங்கே ஓர் அதிகாரி, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், துறைவாரியாக என்ன செய்தீர்கள் என்ற கேள்வி. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

சட்டம் வேண்டியது ஒன்றுக்குத்தான், மாநிலத் தடைக்கு இருக்கிற அந்த 60 நாள் வரம்பை மாற்றுவதற்கு. 1968 சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா சட்டமாகாமலே நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு எந்த மசோதா வந்தாலும், தற்கொலைக் கணக்கைச் சான்றாக வைத்து ஒரு மருந்தை நிரந்தரமாக நிறுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டா என்று தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் கேட்க வேண்டும்.